வேண்டாம் என்று சொல்ல முடிகிறதா?

அன்புள்ள கண்ணம்மா,

உன் வாட்ஸ்அப் செய்தி வந்தது. நெறிமுறைக் குழு உன் விண்ணப்பத்தைக் கேள்விகளோடு திருப்பி அனுப்பிவிட்டது, மூலிகை இலைச் சாற்றை எலிகளில் பார்க்கும் வேலையும் கிராமத்தில் ரத்தம் எடுக்கும் வேலையும் தள்ளிப்போகின்றன, இந்தக் காகிதச் சடங்குக்கும் அறிவியலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருந்தாய். உன் பதற்றம் புரிகிறது. ஃபோனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உன்னை லேபுக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். அதனால் எழுதுகிறேன், ஆற அமரப் படி.

பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவளுக்கு ஒரு கல்லூரியின் நெறிமுறைக் குழுவில் என்ன வேலை என்று உன் அப்பாவுக்கே முதலில் விளங்கவில்லை. விதி அப்படித்தான் கேட்கிறது. மனிதர்களை வைத்து நடக்கும் ஆய்வைப் பரிசீலிக்க மருத்துவரும் விஞ்ஞானியும் மட்டும் போதாது. சட்டம் தெரிந்தவர் ஒருவரும், இந்தத் துறைகளோடு ஒட்டுறவு இல்லாத சாதாரண ஆள் ஒருவரும் இருக்க வேண்டும். விலங்குகளுக்கான குழுவிலும் விஞ்ஞானி அல்லாத, சமூக அக்கறையுள்ள ஒருவருக்கு இடம் உண்டு. இரண்டிலும் இருந்தேன். பல வருஷம் அந்த விண்ணப்பங்களைப் படித்ததில் என் மனசில் தங்கியது ஒரே கேள்விதான். இந்த ஆய்வுக்கு யாருடைய உடம்பு பயன்படப்போகிறதோ, அவரால் 'வேண்டாம்' என்று சொல்ல முடிகிறதா? சொன்னால் அவருக்கு ஒன்றும் குறையாமல் இருக்குமா? மற்ற கேள்விகள் எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

டஸ்கீகி என்ற பெயரை உன் வகுப்பில் ஒரு வரியில் சொல்லிக் கடந்திருப்பார்கள். அதை விரிவாகத் தெரிந்துகொள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி இருக்கும் மேகன் கவுண்டி என்ற பகுதி. 1932-ல் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை அங்கே கறுப்பின ஆண்கள் 600 பேரை ஓர் ஆய்வில் சேர்த்தது. 399 பேருக்கு சிபிலிஸ் என்ற மேகநோய் இருந்தது, 201 பேருக்கு இல்லை. பெரும்பாலும் அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்கு உழுத ஏழைகள். 'கெட்ட ரத்தம்' இருக்கிறது, இலவசமாக வைத்தியம் பார்க்கிறோம் என்று அவர்களிடம் சொன்னார்கள். உண்மையான நோக்கம், வைத்தியம் இல்லாமல் விட்டால் அந்த நோய் உடம்பை எப்படித் தின்கிறது என்று கடைசிவரை பார்ப்பது. முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்ததைக்கூட இலவசச் சிறப்புச் சிகிச்சை என்று கடிதம் போட்டு அழைத்தார்கள். இறந்தால் அடக்கச் செலவுக்குப் பணம் உண்டு, உடலை அறுத்துப் பார்க்கக் குடும்பம் சம்மதித்தால். 1940-களில் பெனிசிலின் வந்து, அந்த நோய் தீரும் என்பது ஊரறிந்த செய்தியான பிறகும் இந்த ஆண்களுக்கு அதைக் கொடுக்கவில்லை. ஆய்வு 40 வருஷம் நடந்தது.

இதில் என்னை மிகவும் உலுக்குவது, அது ரகசியமாக நடக்கவில்லை என்பதுதான். 1936 முதல் அதன் முடிவுகள் மருத்துவ இதழ்களில் வெளிவந்துகொண்டே இருந்தன. ஆயிரக்கணக்கான மருத்துவர்கள் படித்திருப்பார்கள். நாஜி மருத்துவர்கள் மீதான நியூரம்பர்க் தீர்ப்பு 1947-ல் வந்து, மனிதரின் தன்னிச்சையான சம்மதம் இல்லாமல் எந்தச் சோதனையும் கூடாது என்பதை முதல் விதியாக வைத்தது. அந்த விதி வேறு யாருக்கோ எழுதப்பட்டது என்று அலபாமாவில் நினைத்துக்கொண்டார்கள். 1966-ல் பீட்டர் பக்ஸ்டன் என்ற, அதே சுகாதாரத் துறையின் இளம் ஊழியர் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். 1969-ல் நிபுணர்கள் கூடிப் பேசி, ஆய்வைத் தொடரலாம் என்றே முடிவு செய்தார்கள். கடைசியில் பக்ஸ்டன் பத்திரிகையாளரிடம் போனார். 1972 ஜூலையில் அசோசியேட்டட் பிரஸ் நிருபர் ஜீன் ஹெல்லர் எழுதிய செய்தி வெளிவந்தது, அந்த ஆண்டே ஆய்வு நின்றது. இரண்டு வருஷத்தில் அமெரிக்காவில் புதுச் சட்டம், 1979-ல் பெல்மான்ட் அறிக்கை. ஆளை மதித்தல், நன்மை செய்தல், நீதி என்று நீ மனப்பாடம் செய்தாயே, அந்த மூன்று கொள்கைகளும் இந்த ஆண்களின் உடம்பிலிருந்து வந்தவை.

'அது அமெரிக்கா, அது பழைய காலம்' என்று நீ நினைக்கக்கூடும் என்பதால் கம்மம் பற்றியும் சொல்கிறேன். 2009-ல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகள் 20,000 பேருக்கும் மேல் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்பிவி தடுப்பூசி போட்டார்கள். பாத் என்ற அமெரிக்கத் தொண்டு அமைப்பின் திட்டம்; இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரும் மாநில அரசுகளும் துணை நின்றன. கம்மத்தில் பல சிறுமிகள் பழங்குடிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், அரசு விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். பெற்றோர் போட வேண்டிய கையெழுத்தை ஏராளமான படிவங்களில் விடுதி வார்டனும் தலைமையாசிரியரும் போட்டிருந்தார்கள். ஏழு சிறுமிகள் இறந்த செய்தி வந்ததும் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமல்ல என்று விசாரணை சொன்னது. ஆனால் சம்மதம் வாங்கிய விதத்தை 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது.

பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவளாக இதைச் சொல்கிறேன். விடுதியில் வார்டன் வரிசையில் நில் என்றால் நிற்காத பிள்ளை கிடையாது. அந்த வரிசையில் ஒரு சிறுமி 'எனக்கு வேண்டாம் சார்' என்று சொல்லியிருக்க வழியே இல்லை. அந்தத் தடுப்பூசி நல்லது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நம் வீட்டுப் பெண்களுக்கும் போடச் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்ட நல்ல பொருளின் மீது நாடு முழுக்க வருஷக்கணக்கில் சந்தேகம் படிந்ததற்கு, கேட்க வேண்டியவர்களைக் கேட்காமல் போட்டதும் ஒரு காரணம். அதன் விலையைக் கொடுத்தவர்களும் ஏழை வீட்டுப் பெண்கள்தான்.

சரி, ஒழுங்காக நடந்த ஆய்வு என்று ஒன்றைக் காட்டு என்பாய். சென்னைச் சேத்துப்பட்டில் இருக்கிறது, நீ பஸ்ஸில் கடந்துபோகிற கட்டடம். இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். 1956-ல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையமாகத் தொடங்கியது. மெட்ராஸ் அரசு, ஐசிஎம்ஆர், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வுக் கழகம் நான்கும் சேர்ந்த முயற்சி. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் முன்னின்று நடத்தினார். அந்தக் காலத்தில் காசநோய் வந்தால் மாதக்கணக்கில் சானடோரியத்தில் கிடக்க வேண்டும். தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், படுக்கைகள் சொற்பம். நல்ல சாப்பாடும் காற்றும் ஓய்வும் இல்லாமல் நெருக்கடியான குடிசையில் இருந்துகொண்டே மருந்தை மட்டும் சாப்பிட்டால் இந்த நோய் குணமாகுமா? யாருக்கும் தெரியாது.

சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில், மறுபாதி வீட்டில். இரு தரப்புக்கும் ஒரே மருந்துகள்: ஐசோநியாசிட், பிஏஎஸ், ஒரு வருஷத்துக்கு. வீட்டில் இருந்தவர்களின் சாப்பாடு படுமோசம், இடம் குறுகல். ஆனாலும் குணமானவர்களின் அளவில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை. கூடவே வசித்த குடும்பத்தாரையும் வருஷக்கணக்கில் தொடர்ந்து பரிசோதித்தார்கள்; வீட்டில் நோயாளியை வைத்திருந்ததால் அவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. 1959-ல் இது வெளியானதும் உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சை மெல்ல மெல்ல மருத்துவமனைப் படுக்கையிலிருந்து வீட்டுக்கு நகர்ந்தது.

டஸ்கீகியிலும் ஏழைகள், இங்கேயும் ஏழைகள். வித்தியாசத்தைப் பார். இங்கே கேட்ட கேள்வி அந்த நோயாளிகளே கேட்டிருக்கக்கூடிய கேள்வி: வேலையையும் பிள்ளைகளையும் விட்டுப் போகாமல் எனக்குச் சுகமாகுமா? யாரையும் மருந்தில்லாமல் விட்டு வேடிக்கை பார்க்கவில்லை. வந்த விடை முதலில் பயன்பட்டதும் அதே தெருக்காரர்களுக்குத்தான். உன் ஆய்வின் தலைப்பை இந்தப் பக்கத்தில் வைத்துப் பார். நீ ரத்தம் எடுக்கப்போகிற கிராமத்து ஜனங்கள் அந்தக் கேள்வியைக் கேட்பார்களா? அதன் விடையால் அவர்களுக்கு ஏதாவது ஆகுமா? ஆகாது என்றால் ஆய்வே கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்போது அதை ஒளிக்காமல் அவர்களிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இதே மையத்தார் பங்கெடுத்த இன்னொன்று, செங்கல்பட்டு பிசிஜி ஆய்வு. 1968-ல் தொடங்கி, சுமார் இரண்டரை லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். பிசிஜி ஊசி பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்று விடை வந்தது. எல்லோரும் எதிர்பார்த்ததற்கு நேர் எதிரான விடை. அதை மறைக்காமல் 1979-ல் வெளியிட்டார்கள். (குழந்தைகளுக்கு வரும் கடுமையான வகைகளை அது தடுக்கிறது, அதனால்தான் பிறந்த குழந்தைக்கு இன்றும் போடுகிறோம், யாராவது அரைகுறையாகக் கேட்டுவிட்டு உன்னிடம் வாதாடினால் இதைச் சொல்.) கையை நீட்டிய ஒவ்வொருவருக்கும் ஆய்வாளர் பட்ட கடன், வந்த விடையை வந்தபடியே சொல்வது. உன் இலை வேலை செய்யவில்லை என்று தெரியவந்தால் அதையும் எழுது. உன் கைடு முகம் சுளித்தாலும் எழுது.

இனி எலிக்கு வருகிறேன். ஸ்ட்ரெப்டோஸோடோசின் ஊசி போட்டு எலிகளுக்குச் சர்க்கரை நோயை உண்டாக்கி, அப்புறம் மூலிகைச் சாறு கொடுத்துப் பார்க்கும் திட்டம் உன்னுடையது. அந்த எலி எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடப்போவதில்லை. 'வேண்டாம்' என்பதற்கு அதனிடம் இருக்கும் ஒரே வழி பிடியில் நெளிவதும் கடிப்பதும்தான், அதையும் நாம் மதிக்கப்போவதில்லை. ஆகவே அதன் சார்பில் கேட்க வேண்டிய கேள்விகளை வேறு யாராவது கேட்டாக வேண்டும். குழு கேட்பதற்கு முன்னால் நீயே கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

விலங்குச் சோதனையே கூடாது என்று சொல்பவள் நான் இல்லை. இன்சுலின் 1921-ல் டொராண்டோவில் நாய்களை வைத்துத்தான் வெளிப்பட்டது. உன் தாத்தா கடைசி வருஷங்களில் அந்த ஊசியால்தான் உயிரோடு இருந்தார். போலியோ தடுப்பு மருந்துக்கான கிருமியைக் குரங்கின் சிறுநீரகத் திசுவில் வளர்த்தார்கள். அந்தக் குரங்குகள் நம் நாட்டிலிருந்து போனவை என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1950-களில் ஆண்டுக்கு லட்சம் என்ற கணக்கில் இந்தியா ரீசஸ் குரங்குகளை ஏற்றுமதி செய்தது. 1955-ல் லண்டன் விமான நிலையத்தில் 394 குரங்குகள் காற்றோட்டம் இல்லாமல் மூச்சுமுட்டிச் செத்தன. இந்தியா ஏற்றுமதியை நிறுத்தி, மருத்துவ ஆய்வுக்கும் தடுப்பு மருந்துக்கும் மட்டுமே பயன்படுத்துவோம் என்ற உறுதிமொழியின் பேரில் மறுபடி அனுமதித்தது. பிறகு அமெரிக்க ராணுவத்தின் கதிர்வீச்சுச் சோதனைகளில் அந்தக் குரங்குகள் பயன்பட்டது வெளியே வந்தது. மொரார்ஜி தேசாய் அரசு 1978-ல் ஏற்றுமதியை முற்றிலும் நிறுத்திவிட்டது. போலியோவுக்காக என்றால் நான் தலை குனிந்து ஏற்கிறேன், கால் சூம்பிய பிள்ளைகளுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். ஆயுதத்துக்காக என்றால் எப்படி ஏற்பது? விலங்கின் வலிக்கு ஈடாக எதைப் பெறப்போகிறோம் என்பதைத் துல்லியமாகச் சொல்லத் தெரியாதவர் அதைத் தொடவே கூடாது.

1959-ல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் வகுத்த வழி இன்றைக்கும் உலகம் முழுக்க நிற்கிறது. விலங்குக்குப் பதில் வேறு வழி உண்டா, எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா, வலியைத் தணிக்க முடியுமா என்பவை அவர்கள் வைத்த மூன்று கேள்விகள். அடுத்த ஆண்டே வந்த நம் 1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்திலும் இந்தச் சாயல் இருக்கிறது: புத்தகம், மாதிரி உருவம், திரைப்படம் போதுமான இடத்தில் விலங்கைப் பயன்படுத்தாதே, சிறிய விலங்கு போதுமென்றால் பெரியதை எடுக்காதே, மயக்க மருந்து கொடு. இன்னொன்றும் தெரிந்துகொள். அமெரிக்காவின் விலங்கு நலச் சட்டம் ஆய்வுக்கென்றே வளர்க்கும் எலிகளையும் சுண்டெலிகளையும் தன் வரம்பிலிருந்து விலக்கிவிட்டது. நம் சட்டம் விலக்கவில்லை. இதில் எனக்குப் பெருமை உண்டு.

வேறு வழி உண்டா என்பதற்குக் குன்னூர் ஒரு சாட்சி. என் சின்ன வயதில் நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. குன்னூர் பாஸ்டர் நிறுவனம் உட்படப் பல இடங்களில் தயாரான அந்த மருந்து ஆட்டின் மூளையிலிருந்து வந்தது. ஆட்டுக்கு வெறிநோயை ஏற்றி, மூளையை எடுத்து, ஃபீனால் கலந்து கிருமியைச் செயலிழக்கச் செய்வார்கள். அதைப் போட்டுக்கொண்டவர்களில் சிலருக்குப் பக்கவாதமும் வந்தது. பிறகு ஆய்வகத்திலேயே பெருகும் வீரோ செல்களில் கிருமியை வளர்க்கும் முறை வந்தது; குன்னூரும் அதற்கு மாறியது. 2004 இறுதியோடு மூளை மருந்து இந்தியாவில் நின்றுபோனது. ஆடும் பிழைத்தது, நாய்க்கடி பட்டவரும் பிழைத்தார், ஊசியும் குறைந்தது. விலங்கைக் காப்பாற்றினால் மனிதருக்கு நஷ்டம் என்று யாராவது சொன்னால் அவரிடம் இந்தக் கதையைச் சொல்.

எண்ணிக்கை விஷயத்தில் உன் வயதுக்காரர்கள் தடுமாறுகிறீர்கள். ஆறு எலி என்று எழுதியிருந்தாய், ஏன் ஆறு என்று குழு கேட்டது. போன மாணவரும் ஆறு போட்டார் என்பது பதிலாகாது. தேவைக்கு மேல் எடுத்தால் அநியாயம். தேவைக்குக் குறைத்து எடுத்தால் இன்னும் அநியாயம், ஏனென்றால் எந்த முடிவுக்கும் வரமுடியாமல் அத்தனை எலியும் வீணாகப் போகும். புள்ளியியல் துறைக்குப் போய் உட்கார்ந்து கணக்குப் போடு. அதற்கும் முன்னால் ஒன்று: சிறுகுறிஞ்சானையும் ஆவாரையையும் நாவல் கொட்டையையும் வெந்தயத்தையும் இதே மாதிரி எலியில் எத்தனையோ பேர் பார்த்து எழுதிவிட்டார்கள். உன் இலைக்கும் விடை ஏற்கெனவே அச்சில் இருக்கிறதா என்று தேடினாயா? பட்டத்துக்காக மட்டும் ஓர் உயிருக்குச் சர்க்கரை நோயை உண்டாக்குவதை என்னால் ஏற்க முடியாது. உன்னாலும் முடியாது என்று நம்புகிறேன்.

எங்கள் குழுவில் ஒரு கால்நடை மருத்துவர் இருந்தார். அவர் சொல்லிக் கேட்டதை உனக்குத் தருகிறேன். அந்த ஊசி போட்ட முதல் ராத்திரி எலியின் ரத்தச் சர்க்கரை திடீரென்று விழுந்து செத்துப்போகக்கூடும், குடிதண்ணீரில் சர்க்கரை கலந்து வை. நோய் வந்தபின் ஓயாமல் தண்ணீர் குடிக்கும், ஓயாமல் சிறுநீர் போகும். கூண்டின் உமி நனைந்தபடியே கிடந்தால் புண் வரும், மற்ற எலிகளைவிட அடிக்கடி மாற்று. எடை இவ்வளவுக்குக் கீழே போனால் அந்த எலியை மேலும் கஷ்டப்படுத்தாமல் ஆய்விலிருந்து எடுத்துவிடுவேன் என்று முன்கூட்டியே எழுதி வை, அந்த நேரத்தில் மனசு இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்று சொல்லும். சுண்டெலியாக இருந்தால் வாலைப் பிடித்துத் தூக்காதே. கையைக் குவித்தோ சிறு குழாய்க்குள் போகவிட்டோ எடுத்தால் அதன் பயம் வெகுவாகக் குறைகிறது என்று லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஜேன் ஹர்ஸ்ட் 2010-ல் காட்டினார். பயந்த விலங்கு கொடுக்கும் அளவும் பயத்தின் அளவாகவே இருக்கும், அதை வைத்துக்கொண்டு உன் மருந்தைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

கிராமத்துப் பகுதிக்குத் திரும்புகிறேன், குழு அதிகம் கேட்டிருப்பது அதைப் பற்றித்தான். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரே சம்மதம் வாங்கித் தருவார் என்று எழுதியிருக்கிறாய். அந்த டாக்டரிடம்தான் அவர்கள் நாளைக்கு மாத்திரைக்கு வந்து நிற்க வேண்டும். அவர் நீட்டும் தாளில் எந்த அம்மா வேண்டாம் என்பார்? வேறு ஆள் கேட்கட்டும். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிள்ளைகளிடம் காட்டிவிட்டு வரும்படி ஒரு நாளாவது அவகாசம் கொடு. வராவிட்டாலும் உங்கள் சிகிச்சை ஒரு துளியும் மாறாது என்பதைத் தாளின் கடைசியில் அல்லாமல் முதலிலேயே, வாயால் சொல். நூறு நாள் வேலையையோ வயல் வேலையையோ விட்டுவிட்டு வருபவருக்கு அன்றைய கூலியையும் பஸ் காசையும் கொடு. அதற்கு மேல் கொடுத்தால் பணத்துக்காகத் தலையாட்டுவார்கள். யாருக்காவது சர்க்கரை அதிகமாக இருப்பது தெரிந்தால் அந்த வாரமே அவருக்குச் சொல்லி, எங்கே போக வேண்டும் என்று எழுதிக் கொடு. உன் கணினியில் அது ஒரு எண்ணாக மட்டும் கிடக்கக் கூடாது.

மிச்ச ரத்தத்தை எதிர்கால ஆய்வுக்காகச் சேமிப்போம் என்று ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அங்கே நில். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் ஹவாசுபாய் என்ற சிறு பழங்குடி வாழ்கிறது. அவர்களுக்குள் சர்க்கரை நோய் மிகுதி. 1990-களில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு அதற்காகத்தான் ரத்தம் கொடுத்தார்கள். அந்த ரத்தத்தை அவர்களுக்குத் தெரியாமல் மனச்சிதைவு நோய், நெருங்கிய உறவில் திருமணம், அவர்களின் மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்பது பற்றிய ஆய்வுகளுக்கும் எடுத்தார்கள். இந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் நாங்கள் என்பது அவர்களின் நம்பிக்கை. வழக்குப் போட்டார்கள். 2010-ல் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்து, மிச்சமிருந்த ரத்தத்தையும் திருப்பித் தந்தது. உன் கிராமத்திலும் ரத்தம் என்றால் குலம், சாதி, சொந்தம் எல்லாம் அதில் இருக்கிறது. எதற்குச் சேமிக்கிறாய், எத்தனை வருஷம், யார் கையில் என்று எழுது. சேமிக்கச் சம்மதமா என்பதைத் தனிக் கேள்வியாக வை. இன்றைய பரிசோதனைக்குச் சரி, சேமிக்க வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அதுவும் முழுச் சம்மதமாக ஏற்கப்பட வேண்டும். பிறகு மனம் மாறி, என் ரத்தத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்டால் யாருக்கு ஃபோன் செய்வது என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

குழு கேட்டவற்றுக்கு இந்த வரிசையிலேயே பதில் எழுதத் தொடங்கு. தமிழ்ப் படிவத்தைத் திருத்தியதும் எனக்கு அனுப்பு. எங்கள் தெருவில் பூக்கட்டும் அம்மாள், மளிகைக் கடையில் கணக்கு எழுதும் பெரியவர் இரண்டு பேரையும் படிக்கச் சொல்லி, எங்கே தடுக்குகிறது என்று குறித்து அனுப்புகிறேன். எலிகளை வாங்கும் தேதியை அதற்குப் பிறகு வைத்துக்கொள்.

அன்புடன்,
அத்தை